முதலில் வேலை, பிறகு வகுப்பு

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த முதல் வாரத்தில் எந்த வகுப்பிலும் சேராதீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது. வேலை போன கையோடு வரும் பதற்றத்தில், கண்ணில் பட்ட தரவுப் பகுப்பாய்வுப் பயிற்சிக்கோ செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கோ அரசாங்கத்தின் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையைக் கொடுத்துப் பலர் பெயரைப் பதிந்துவிடுகிறார்கள். சும்மா இருக்கவில்லை என்ற ஆறுதல் கிடைக்கும். சில மாதங்களில் சான்றிதழும் கிடைக்கும். அந்தச் சான்றிதழைப் பார்த்து யார் வேலை தருவார்கள் என்று முன்கூட்டியே கேட்டவர்கள் குறைவு.

சிங்கப்பூரில் நிதித்துறையிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்குக் கிடைக்கும் உதவிகளில் மிகப் பெரியது, அவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தின் வழியாகவே வருகிறது. நிறுவனம் கிடைத்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். அதனால் தேடலின் வரிசையையே மாற்றிப் போட வேண்டியிருக்கிறது.

கையெழுத்திடும் முன்

மனிதவளப் பிரிவு உங்களைச் சிறு அறைக்கு அழைத்துக் காகிதத்தை நீட்டும் அந்த அரை மணி நேரத்தில் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று கேளுங்கள். படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, எந்தச் சொல்லால் உங்களை அனுப்புகிறார்கள் என்பது. ஆட்குறைப்பு என்று இருக்கிறதா, பரஸ்பர சம்மதத்தோடு விலகல் என்று இருக்கிறதா, ராஜினாமா என்று இருக்கிறதா? அடுத்த வேலை தேடும்போது ராஜினாமா என்றால் கௌரவமாக இருக்கும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கான உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு சொல்லே குறுக்கே நிற்கும்.

ஆட்குறைப்பு இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. உங்கள் ஒப்பந்தமோ தொழிற்சங்கத்தின் கூட்டு ஒப்பந்தமோ என்ன சொல்கிறது என்பதுதான் அடிப்படை. வழக்கத்தில் உள்ள அளவு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை. குறைந்தது 2 ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு இது பொருந்தும். 12 ஆண்டு இருந்தவருக்கு இந்த இரு முனைகளுக்கும் இடையே ஆறு மாதச் சம்பளத்துக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது. கேட்டுப் பேசத் தயங்க வேண்டாம். வேலை இழப்புக்கு ஈடாகத் தரும் தொகைக்கு வருமான வரி இல்லை, மத்திய சேம நிதிச் சந்தாவும் இல்லை. முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தரும் சம்பளமும் கடந்தகாலச் சேவைக்கான பணிக்கொடையும் வரிக்கு உட்பட்டவை. ஆகவே எந்தத் தொகை எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

வங்கி ஊழியருக்கு வேறு சில காகிதங்களும் உண்டு. தள்ளி வைக்கப்பட்ட போனஸ், இன்னும் கைக்கு வராத பங்குகள், வாடிக்கையாளரை அழைத்துப் போகக் கூடாது என்ற தடை, வீட்டிலேயே இருந்து சம்பளம் வாங்கும் காத்திருப்புக் காலம். ஆட்குறைப்பில் போகிறவருக்குப் பங்குகள் தொடரும் என்று பல திட்டங்களில் விதி இருக்கும். அந்த விதியைத் தேடிப் படியுங்கள். வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கிறது, மீறல் குற்றமாகும். நல்ல பெயரோடு வெளியேறுகிறவர் அந்த ஒரு மின்னஞ்சலால் துறையையே இழக்கலாம்.

ஒப்பந்த ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் டிபிஎஸ் வங்கியின் தலைமை நிர்வாகியாக இருந்த பியுஷ் குப்தா, அடுத்த மூன்று ஆண்டுகளில் ஒப்பந்த, தற்காலிக வேலைகளில் சுமார் 4,000 குறையும் என்றார். செயற்கை நுண்ணறிவு மனித வேலையை எடுத்துக்கொள்வதே காரணம் என்றும், ஒப்பந்தங்கள் முடிய முடிய இயல்பாகவே இது நடக்கும் என்றும் சொன்னார். இப்படி ஒப்பந்தம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பாகக் கருதப்படாது. குறைந்தது ஆறு மாத ஒப்பந்தத்தில் இருப்பவரை வேலை இல்லை என்று காலம் முடியும் முன்பே அனுப்பினால் அது ஆட்குறைப்பு. உங்கள் ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றால், இந்த அத்தியாயத்தின் வேலைகளை இன்றே தொடங்கலாம்.

சம்பள பாக்கி பற்றிய முறையீட்டை வேலையை விட்ட 6 மாதத்துக்குள்ளும், நியாயமற்ற பணிநீக்கம் பற்றிய முறையீட்டைக் கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதத்துக்குள்ளும் டாடம் எனப்படும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணியிடம் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் மனசு ஆறட்டும் என்று காத்திருந்தால் அந்த ஒரு மாதம் போய்விடும்.

திட்டங்கள் எப்படி இயங்குகின்றன

வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டத்தை எல்லோரும் சிசிபி என்றே சொல்கிறார்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரிய திட்டம். ஒரு நிறுவனம் உங்களை உங்களுக்குப் புதிய வேலை ஒன்றில் அமர்த்திச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் தருகிறது. பயிற்சிக் காலத்தில் அந்தச் சம்பளத்தின் 70 விழுக்காட்டை, மாதம் 5,000 வெள்ளி வரை, அரசாங்கம் நிறுவனத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. நீங்கள் 40 வயதை எட்டியவர் அல்லது ஆறு மாதத்துக்கு மேல் வேலையின்றி இருப்பவர் என்றால் 90 விழுக்காடு, மாதம் 7,500 வெள்ளி வரை.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 45 வயதான ஒருவரை 8,000 வெள்ளி சம்பளத்தில் எடுக்கும் நிறுவனத்துக்கு மாதம் 7,200 வெள்ளி திரும்பி வருகிறது. பயிற்சிக் காலம் முழுவதும் அவருடைய சம்பளத்தில் நிறுவனம் ஏற்கும் பங்கு 800 வெள்ளிதான். என்னுடைய வயதில் யார் எடுப்பார்கள் என்று நினைப்பவர் கையில் இருக்கும் வலுவான வாதம் இது. இது தெரியாத சிறு நிறுவன முதலாளிகள் நிறைய. அவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இரண்டாம் நேர்முகத்தில், வேலையில் அவர்களுக்கு ஆர்வம் தெரிந்த பிறகு, சம்பளம் பேசும் முன் சொல்லுங்கள். முதல் வரியிலேயே சொன்னால் மானியத்துக்காக வந்தவர் போலாகிவிடும். வேலை நியமனக் கடிதத்தில் கையெழுத்தான பிறகு சொன்னால் விண்ணப்பிக்கக் காலம் தவறிப் போகலாம்.

இத்திட்டத்தில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புதிய வேலை பழைய வேலையிலிருந்து உண்மையிலேயே வேறுபட்டிருக்க வேண்டும். ஒரு வங்கியில் செய்த அதே வேலையை எதிர்க் கட்டடத்து வங்கியில் செய்யப் போகிறவருக்கு இது கிடைக்காது. கிடைக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

நிதித்துறைக்கான மாற்றத் திட்டங்களைப் பார்த்துக்கொள்வது ஐபிஎஃப் எனப்படும் வங்கி, நிதிக் கழகம். 1974இல் தொடங்கிய கழகம். ஷென்டன் வேயில் சிங்கப்பூர் நாணய ஆணையக் கட்டடத்தில் இருக்கிறது. நிதி நிறுவனங்களில் தொழில்நுட்ப வேலைக்கு மாற விரும்புவோருக்கென நாணய ஆணையமும் ஐபிஎஃப்-உம் 2019இல் தொடங்கிய பயிற்சியும் உண்டு. மேகக் கணிமை, இணையப் பாதுகாப்பு, தரவுப் பகுப்பாய்வு, மென்பொருள் உருவாக்கம் போன்றவற்றில் நிறுவனத்துக்குள்ளேயே இருத்திக் கற்றுத் தருகிறார்கள். இடங்களுக்குப் போட்டி அதிகம், தேர்வும் கடுமை. நிரல் எழுதுவதில் உண்மையான ருசி இருப்பவர் மட்டும் முயலலாம் என்பது என் கருத்து. சம்பளத்துக்காக மட்டும் போகிறவர் பாதியில் தளர்ந்துவிடுகிறார்.

வகுப்பு முதலில், வேலை பிறகு என்று அமைந்ததும் ஒன்று இருக்கிறது: 2022இல் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வாழ்க்கைத்தொழில் மாற்றத் திட்டம். முழுநேரம் என்றால் 3 முதல் 6 மாதம், பகுதிநேரம் என்றால் 6 முதல் 12 மாதம். கட்டணத்தில் 70 விழுக்காடு கழிவு உண்டு, 40 வயதை எட்டிய குடிமக்களுக்கு 90 விழுக்காடு வரை. நல்ல திட்டம்தான், ஆனால் பயிற்சி நிறுவனத்துக்கு நிறுவனம் தரம் வெகுவாக மாறுகிறது. சேருமுன் இவற்றைக் கேளுங்கள்: போன அணியில் படித்தவர்களில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் வேலையில் சேர்ந்தார்கள்? எந்த நிறுவனங்களில், என்ன பதவியில்? அவர்களில் என்னைப் போல நடுவயதுக்காரர் யாராவது உண்டா, அவரோடு பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் கொடுக்கும் இடத்தில் தாராளமாகச் சேரலாம். நிதிநுட்பம் வளர்கிறது, வாய்ப்புகள் ஏராளம் என்று மட்டும் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் வேலையைப் பிரித்துப் பாருங்கள்

வேலை மாறுவது என்றவுடன் பதவிப் பெயரையே எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கும் கேஒய்சி அதிகாரி, செட்டில்மென்ட் நிர்வாகி, கிளை மேலாளர். அந்தப் பெயருக்கு வெளியே சந்தை இல்லை என்று பயம். பெயரை ஒதுக்கிவிட்டு, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை என்ன செய்தீர்கள் என்று தாளில் எழுதுங்கள்.

கேஒய்சி வேலையையே எடுத்துக்கொள்வோம். மேடானில் பனை எண்ணெய் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் கணக்கு மறுபரிசீலனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் பதிவான நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அதன் மேல் ஓர் அறக்கட்டளை, அதன் மேல் இன்னொரு நிறுவனம். கடைசியில் பணம் யாருடையது என்று வரைபடம் போட்டுக் கண்டுபிடிக்கிறீர்கள். செல்வம் எப்படி வந்தது என்று வாடிக்கையாளர் சொல்லும் கதைக்கு ஆவணம் தேடுகிறீர்கள். நிலம் விற்றதாகச் சொல்லும் ஆண்டும் வங்கிக்குள் பணம் வந்த ஆண்டும் ஒத்துப்போகவில்லை என்று கவனிக்கிறீர்கள். அதே பெயரில் வேறொருவர் மீது வழக்கு இருப்பதாகச் செய்தி வந்தால், பிறந்த தேதியை ஒப்பிட்டு இது அவர் இல்லை என்று முடிவு செய்கிறீர்கள். பிறகு ஒரு பக்கக் குறிப்பெழுதி, ஏன் தொடரலாம் அல்லது ஏன் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று காரணம் காட்டுகிறீர்கள்.

படிவம் நிரப்பும் வேலை என்று நீங்களே இதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் இது புலனாய்வு, ஆவண ஆய்வு, எழுத்து மூன்றும் சேர்ந்த வேலை. இதற்கு வங்கிக்கு வெளியே ஆள் தேவைப்படுகிறது. 2023 ஆகஸ்ட்டில் 10 வெளிநாட்டினர் கைதாகி, 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துகள் பிடிபட்ட கள்ளப்பண வழக்குக்குப் பிறகு, வங்கியல்லாத இடங்களிலும் கண்காணிப்பு இறுகியிருக்கிறது. நிறுவனங்களைப் பதிவு செய்துகொடுக்கும் நிறுமச் சேவை நிறுவனங்களுக்கென்றே தனிச் சட்டம் 2025 ஜூன் 9இல் நடப்புக்கு வந்தது. பணப்பரிமாற்ற, மின்னணுப் பணம் செலுத்தும் சேவை நிறுவனங்கள் நாணய ஆணையத்தின் உரிமத்தின் கீழ் இயங்குகின்றன. தங்கம், வைரம் விற்பவர்களும் சொத்து முகவர் நிறுவனங்களும் சட்ட நிறுவனங்களும் வாடிக்கையாளர் யார் என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள். இவற்றில் பல, இந்த வேலையைச் சரியாகத் தெரிந்த ஒருவர்கூட இல்லாமல் தடுமாறுகின்றன. லிட்டில் இந்தியாவின் நகைக்கடைகளும் பணமாற்றுக் கடைகளும்கூட இந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன. தமிழ் தெரிந்த இணக்க அதிகாரிக்கு அங்கே கூடுதல் மதிப்பு.

தன்விவரக் குறிப்பிலும் அதே மாற்றம் வேண்டும். கேஒய்சி மறுபரிசீலனைகளுக்குப் பொறுப்பு வகித்தேன் என்ற வரி யாருக்கும் எதுவும் சொல்லாது. மூன்று அடுக்கு நிறுவன அமைப்புகளின் உண்மை உரிமையாளரைக் கண்டறிந்து, செல்வ ஆதாரத்தைச் சரிபார்த்து, மாதம் இத்தனை கோப்புகளுக்கு முடிவுக் குறிப்பு எழுதினேன், அவற்றில் இத்தனை தணிக்கையில் ஆட்சேபமின்றித் தேறின என்று எழுதுங்கள். எண்கள் உங்களுடைய உண்மை எண்களாக இருக்கட்டும். வாடிக்கையாளர் பெயர் ஒன்றுகூட வேண்டாம்.

செட்டில்மென்ட், பணம் செலுத்தல் பிரிவுகளிலிருந்து வருகிறவர்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. எல்லை கடந்த பணம் செலுத்தும் செய்திகள் பழைய ஸ்விஃப்ட் வடிவிலிருந்து ஐஎஸ்ஓ 20022 என்ற புது வடிவத்துக்கு 2025 நவம்பரில் முழுமையாக மாறின. பழைய செய்தியில் எந்தப் புலம் தவறினால் பணம் எங்கே போய்ச் சிக்கும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள், பணம் செலுத்தும் மென்பொருள் விற்கும் நிறுவனங்களுக்கும் அமலாக்கக் குழுக்களுக்கும் வேண்டியவர்கள். சோதனையாளர், வணிகப் பகுப்பாய்வாளர் என்ற பெயர்களில் தேடுங்கள்.

முதலீட்டு ஆலோசகர், காப்பீட்டு ஆலோசகர்களுக்கு நினைவில் இருக்க வேண்டியது: நாணய ஆணையப் பதிவேட்டில் உங்கள் பெயர் உங்கள் நிறுவனத்தோடு பிணைந்தது. வெளியேறினால் அதுவும் போய்விடும். புதிய நிறுவனம் மறுபடி அறிவிக்க வேண்டும். பசுமை நிதி வகுப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். துறை உண்மையானது. ஆனால் கடன் மதிப்பீடோ அறிக்கை தயாரிப்போ ஏற்கனவே தெரிந்தவருக்கு அது மேல்தகுதி. அந்த அடித்தளம் இல்லாதவருக்கு அந்தச் சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது.

யாரிடம் பேசுவது

ஆலோசகர்கள் இலவசமாகக் கிடைக்கிறார்கள். ஐபிஎஃப் நிதித்துறைக்கெனத் தனியாக வைத்திருக்கிறது. சிங்கப்பூர் ஊழியரணி அமைப்பின் வேலைவாய்ப்பு மையங்கள் இருக்கின்றன. தொழிற்சங்கக் காங்கிரசான என்டியுசியின் இ2ஐ வேலைவாய்ப்பு நிலையம் ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகத்தில் இருக்கிறது. என்டியுசியை வளர்த்து, பின்னர் நாட்டின் மூன்றாவது அதிபரான சி. வி. தேவன் நாயரின் பெயரைத் தாங்கிய கட்டடம் அது. எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ஆலோசகர்களால் பொதுவான பதிலே தர முடியும். மேலே சொன்ன செவ்வாய்க்கிழமைத் தாளையும், நீங்கள் குறிவைத்த ஐந்தாறு நிறுவனங்களின் பட்டியலையும் கொண்டுபோங்கள். இவற்றில் எதற்கு மாற்றத் திட்டம் பொருந்தும் என்று கேளுங்கள். பேச்சின் தரமே மாறிவிடும். முதல் ஆலோசகர் சரிப்படவில்லை என்றால் வேறொருவரைக் கேட்பதில் தவறில்லை.

கைச்செலவுக்கு

2025 ஏப்ரலில் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தருகிறது. முதல் மாதம் 1,500, பிறகு 1,250, 1,000, கடைசி மூன்று மாதங்களில் 750 வெள்ளி வீதம். மாதாமாதம் வேலைக்கு விண்ணப்பித்தல், ஆலோசகரைச் சந்தித்தல் போன்றவற்றைச் செய்து புள்ளி சேர்க்க வேண்டும். ஆனால் வேலை போவதற்கு முன் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் இருந்தவருக்கு இது இல்லை. வங்கியின் நடுநிலை ஊழியர்களில் பலர் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். கிளைப் பணியாளர்களும் பின்னலுவலக எழுத்தர்களும் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும்.

40 வயதை எட்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் கிடைத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகைக்குக் காலாவதி இல்லை. அவசரப்பட்டுச் செலவழிக்கக் காரணமும் இல்லை. அதே வயதினர் குறிப்பிட்ட முழுநேரப் பாடங்களில் சேர்ந்தால் முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, பயிற்சிப் படியாகப் பெறலாம். வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களுக்கு இது கிடைக்கும். இந்தத் தொகைகள் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஏற்ப மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கடனுக்கு மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கில் எத்தனை மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறது என்று முதல் வாரமே பாருங்கள். போதாது என்றால் தவணை தவறும் முன் கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள். வீட்டாரிடம் மறைக்காதீர்கள். தினமும் காலையில் அலுவலக உடையில் கிளம்பி நூலகத்தில் பொழுதைக் கழிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவமானம் என்று நினைத்து அவர்கள் தனியே சுமக்கும் அந்த மாதங்கள்தான் பணத்தைவிட அதிகம் வலிக்கின்றன. வீட்டில் தெரிந்தால் செலவையும் சேர்ந்தே குறைக்கலாம், மாமாவோ சித்தப்பா மகனோ அறிந்த ஒரு நிறுவனத்தின் பெயரும் வரலாம்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கு

தமிழகத்திலிருந்து வந்து வங்கிகளில் வேலை செய்பவர்களுக்கு மேலே சொன்ன சம்பள மானியங்களும் பயிற்சிக் கழிவுகளும் இல்லை. பாஸ் ரத்தானதும் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். உங்களைச் சார்ந்து இருக்கும் குடும்பத்தின் பாஸும் சேர்ந்தே போகும். வரித் தீர்வு முடியும்வரை முதலாளி உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைப் பிடித்து வைப்பார். ஆகவே கடைசிச் சம்பளத்தை நம்பி விமானச் சீட்டோ வீட்டு வாடகையோ திட்டமிடாதீர்கள். நிதித்துறையில் புதிய பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 தொடக்கத்திலிருந்து 6,200 வெள்ளி, வயது கூடக் கூட 11,800 வெள்ளி வரை உயர்கிறது. சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு வேறு வேலைக்கு மாறும் வழி உங்களுக்கு அடைபட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே முன்னறிவிப்புக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். இழப்பீட்டில் சிறிது விட்டுக்கொடுத்தாவது கடைசி நாளை இரண்டு மாதம் தள்ளிப்போடுவது பல குடும்பங்களுக்கு லாபம். பிள்ளைகளின் பள்ளித் தவணையும் முடிந்திருக்கும். சென்னையையும் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தன் உலகச் சேவை மையத்தை அங்கே 2001 முதல் நடத்துகிறது. வேறு பன்னாட்டு வங்கிகளின் மையங்களும் அங்கே இருக்கின்றன. சிங்கப்பூர் விதிமுறைகளைக் கையாண்ட அனுபவத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

இந்நூல் இன்னும் வேலையில் இருப்பவர் கையிலும் இருக்கக்கூடும். அவருக்கு ஒரு வேண்டுகோள். ஆட்குறைப்பில் போன சக ஊழியர் ஒருவர் உங்களுக்குச் செய்தி அனுப்பியிருந்தால் இன்றே பதில் எழுதுங்கள். உங்களால் வேலை வாங்கித் தர முடியாமல் இருக்கலாம். எந்தப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், யாரிடம் பேச வேண்டும் என்று சொல்ல முடியும். அவருடைய வேலையை நேரில் பார்த்தவர் நீங்கள். அவரைப் பரிந்துரைத்து நாலு வரி எழுதிக் கொடுங்கள்.